ஒரு ஓட்டைக்கு எத்தனை கையெழுத்து

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டில் வாடகைக்குப் போகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வீட்டில் எத்தனை பேருக்குப் பங்கு? தண்ணீர் எப்போது வரும், குரங்குத் தொல்லை உண்டா என்பதையெல்லாம் பக்கத்து வீட்டில் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள். பங்கு விவரம் மட்டும் வீட்டுக்காரர் வாயால்தான் வர வேண்டும். அது தெரிந்தால், சுவரில் ஓர் ஆணி அடிக்க எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இணையத்துக்கு ஒயர் இழுப்பது ஆணியைவிடக் கொஞ்சம் பெரிய சங்கதி.

மனைவிக்கு இங்கே கல்லூரியில் வேலை கிடைத்ததால் சென்னையிலிருந்து வந்தோம். நான் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். எனக்கு நாள் முழுக்க அறுபடாத இணையம் வேண்டும். சென்னையில் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்பது என்றால் ஒரு வாட்ஸ்அப் செய்தி. ‘ஓகே, போட்டுக்கங்க’ என்று பதில் வரும், மறுநாள் ஆள் வந்துவிடுவான். இங்கே அப்படி நடக்காததற்குக் காரணம் வீட்டுக்காரரின் பிடிவாதம் என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவரே இல்லை. கேட்ட உடனே, “தாராளமாப் போட்டுக்கங்க தம்பி, இதுக்கெல்லாமா கேப்பாக” என்றார். அவர் சம்மதம் மட்டும் போதாது என்பது ஒயர் எந்த வழியாக வரும் என்று பார்த்தபோதுதான் தெரிந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. முன்வாசலில் நின்று பார்த்தால் நிலைக்குள் நிலையாகக் கடைசிக் கதவு வரைக்கும் கண் போகும். வளவைச் சுற்றி இரட்டை அறைகள். கட்டிய காலத்தில் மகன்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தவை. அந்த மகன்களின் பேரன்கள் இன்று சென்னையிலும் கோவையிலும் பினாங்கிலும் இருக்கிறார்கள். அறைகள் அவரவர் பங்கு. முகப்பும் வளவும் பொது. கல்யாணம், முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்பு என்று வந்தால் எல்லாரும் கூடுவார்கள்; சமையல்காரர் பின்கட்டில் அடுப்பு மூட்டுவார்; வீடு வீடாக இருக்கும். மற்ற நாட்களில் பெரும்பாலான கதவுகளில் பூட்டுதான். எங்களுக்கு விட்டிருப்பது எங்கள் வீட்டுக்காரரின் பங்கு: வளவின் மேற்குப் பக்கத்து அறைகள், அவற்றுக்கு மேலே மாடியில் ஒரு கூடம், பின்னாளில் தடுத்துக் கட்டிய ஒரு சமையலறை.

போனில் இருக்கும் இணையத்தை வைத்து ஓட்டக்கூடாதா என்று கேட்பீர்கள். கையை விரித்தாலும் அடங்காத கனத்தில் செங்கலும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர்கள் இவை. சித்திரை வெயிலில் உள்ளே சில்லென்று இருப்பது அதனால்தான். வெயிலை நிறுத்துகிற சுவர் சிக்னலையும் நிறுத்திவிடும். திண்ணையில் நான்கு கோடு காட்டுகிற போன் உள்ளறையில் எதையும் காட்டாது. யாருக்காவது போன் வந்தால் பேசிக்கொண்டே முகப்பைப் பார்க்க நடப்பது இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்.

இந்த ஊரில் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை இணைய ஒயர், இழுப்பவர்கள் பெரும்பாலும் பழைய கேபிள் டிவிக்காரர்கள்தான். கம்பெனி எதுவாக இருந்தாலும் கடைசியில் ஏணியோடு வருவது அதே ஆள். எங்களுக்கு வந்தவர் இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். பின்தெருக் கம்பத்திலிருந்து வந்தால் தூரம் குறைவு. ஆனால் மூன்றாம் கட்டு ஓட்டின் மேலே போக வேண்டும், அது வேறொரு பங்காளியின் பாகம். முன்தெருவிலிருந்து வந்தால் முகப்பைத் தாண்டி வளவின் ஓரமாக வர வேண்டும், அது எல்லாருக்கும் பொது. எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமான ஓரங்குலம்கூட எந்தத் தெருவையும் தொடவில்லை! வாடகை வாங்கும் உரிமை அவருக்கு உண்டு. ஒயரை உள்ளே வரவிடும் உரிமை அவர் கையில் மட்டும் இல்லை.

பங்காளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் நான் இல்லை. வாடகைக்காரனை அதில் சேர்க்கமாட்டார்கள், சேர்க்கவும் கூடாது. என் செய்தியை வீட்டுக்காரர் அங்கே போட்டார். பினாங்குக்காரர் கட்டைவிரலைத் தூக்கினார். கோவையில் இருக்கும் பெரியவர் ஒருவர் மட்டும், “வேண்டாம். இப்ப அந்த வீட்டுல எதுவும் புதுசாச் செய்ய வேண்டாம்” என்று போட்டுவிட்டார். அவர் எங்கள் வீட்டுக்காரருக்குப் பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா, முறை. அந்த ஒரு வரிக்குப் பிறகு குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் கேட்டு அந்தப் பெரியவருக்கு நானே போன் செய்தேன். ஐயா என்று ஆரம்பித்ததும் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். “தம்பி, உங்களுக்கு இன்டர்நெட் வேணாம்னு நான் சொல்லலை. அந்த வளவுல யாரு என்ன செஞ்சாலும் நாளைக்கு அது அவுக பாத்தியதைன்னு ஆயிரும். இன்னும் பாகப்பிரிவினைப் பத்திரம் முடியலை. உங்களுக்குத் தெரியாது, போன தலைமுறையில ஒருத்தர் கொல்லைப்பக்கம் ஒரு கொட்டகை போட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அது பேச்சா இருக்கு.”

எனக்கு அதன் பிறகுதான் விஷயம் விளங்கியது. இந்தப் பக்கத்து வாடகை வீடுகளில் கிடைக்கும் மறுப்புகளில் முக்கால்வாசி இந்த வகைதான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் பயந்தது ஓட்டைக்கோ ஒயருக்கோ அல்ல, ‘சரி’ என்று சொன்னால் அது பின்னால் எதற்குச் சாட்சியாகும் என்பதற்கு. சட்டப்படி பார்த்தால் அந்தப் பயம் கொஞ்சம் அதிகம்தான். கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளியின் அனுபோகம் மற்ற பங்காளிகளுக்கும் சேர்த்தே என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கும். மற்றவர்களை வெளிப்படையாக விலக்கி 12 ஆண்டு வைத்திருந்தால்தான் எதிரனுபவம், அதாவது நெடுநாள் அனுபவித்ததாலேயே சொத்து தனக்குச் சொந்தம் என்ற பேச்சுக்கே இடம் உண்டு. வாடகைக்காரனின் இணைய ஒயர் அந்தக் கணக்கில் எங்கும் வராது. ஆனால் எண்பதை நெருங்கும் ஒருவரிடம் போனில் இதைச் சொல்லி வெல்ல முடியுமா? சொல்லத்தான் வேண்டுமா? நான் சொல்லவில்லை.

சட்டத்தைப் பற்றி இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது இங்கே அதிகம் உதவாது. தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாத அத்தியாவசிய வசதிகளின் பட்டியலில் தண்ணீர், மின்சாரத்தோடு தொலைத்தொடர்பு இணைப்பும் இருக்கிறது. படிக்கும்போது உற்சாகமாக இருக்கும். ஆனால் அது இருக்கிற இணைப்பை வெட்டக்கூடாது என்பதைப் பற்றியது. இல்லாத இணைப்புக்குச் சுவரைத் துளைக்க விடு என்று கேட்கும் உரிமை அதிலிருந்து வராது. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் தனியார் இடத்தில் கேபிள் கொண்டுபோவதைப் பற்றிப் பேசுகிறது. அதுவும் பெரும்பாலும் நிறுவனமும் இடத்துக்குரியவரும் தங்களுக்குள் பேசி ஒப்பந்தம் செய்துகொள்வதைப் பற்றித்தான். வாடகைக்காரன் அந்தப் பேச்சில் ஓர் ஆளே இல்லை. சட்டப் புத்தகத்தைக் காட்டி வீட்டுக்காரரிடம் நிற்பவருக்கு இணைப்பு கிடைக்கலாம். அடுத்த தடவை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வீடு கிடைக்காது.

சட்டத்தைவிட எனக்கு உதவியது ஒரு பழைய ஓட்டை.

முகப்பை ஒட்டிய அறையில் ஆச்சி ஒருவர் இருக்கிறார். பங்காளிகளில் இந்த வீட்டிலேயே நிரந்தரமாக இருப்பவர் அவர் ஒருவர்தான். ஒருநாள் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, “அப்ப டெலிபோனு எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். உண்மைதான். ஒரு காலத்தில் இந்த வீட்டில் தரைவழித் தொலைபேசி இருந்திருக்கிறது. பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வரும் செய்தி தந்தியாகத் தபால்காரர் கையில் வந்த காலம் போய், அந்தக் கறுப்புப் போன் வந்தபோது ஊரே வேடிக்கை பார்த்ததாம். போன் போய்விட்டது. அதன் செம்புக் கம்பி இன்னும் முகப்பு விட்டத்தின் ஓரமாகத் தூசி படிந்து தொங்குகிறது. வண்ணக் கண்ணாடி பதித்த சாளரத்துக்கு மேலே, விட்டமும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு துளை வழியாக உள்ளே வந்து, வளவின் மேற்குத் தாழ்வாரத்தில் எங்கள் கதவுக்குப் பக்கத்தில் முடிகிறது. எல்லாப் பங்காளிகளுக்கும் பொதுவாக வந்த போன். அந்தத் துளையைப் பற்றி இதுவரை யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை.

கேபிள்காரரை மறுபடி கூப்பிட்டு அந்தத் துளையைக் காட்டினேன். ஒயரைக் கையில் வைத்து அளந்து பார்த்து, “தாராளமாப் போகும் சார்” என்றார். போகாமல் என்ன? உள்ளே இருக்கும் கண்ணாடி இழை, பூச்சு நீங்கலாக, 125 மைக்ரான் கனம், ஏறத்தாழ ஒரு தலைமுடி அளவு. ஒளி ஓடும் நடுப்பகுதி அதிலும் 9 மைக்ரான்தான். அதைச் சுற்றியிருக்கும் உறைதான் நாம் பார்க்கும் கறுப்பு ஒயர்.

இந்த வீட்டில் எதைச் செய்யக்கூடாது என்பதை ஆச்சியிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். நிலையில் ஆணி கூடாது. வெள்ளிதோறும் மஞ்சளும் குங்குமமும் வைக்கிற பர்மாத் தேக்கு நிலை அது. அதில் கிளிப் அடிப்பதை நினைத்துப் பார்ப்பதே தப்பு. பளபளப்புச் சுவரில் கை வைக்கக்கூடாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசிக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர். ஆணி இறங்கினால் துளையோடு நிற்காமல் சுற்றிலும் சில்லு சில்லாகப் பெயரும். அதன்மேல் சிமென்ட் வைத்து ஒட்டினால் காலத்துக்கும் தெரியும். அந்தப் பூச்சைப் பழையபடி பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகக் கொஞ்சம் பேர், கூலியும் அதற்கேற்றபடி. செட்டிநாட்டு ஊர்களை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்ததாகப் பெருமைப்படுகிறோம். அந்த வீடுகளுக்குள் டிஷ்ஷுக்கும் ஏசிக்கும் துளைத்த துளைகளைப் பார்த்தால் வயிறு எரியும். அதனால் ஆச்சி சொன்னதில் எதையும் நான் பேரம் பேசவில்லை. ஒயர் முழுக்க மர விட்டத்தின் மேல்பக்கத்திலேயே போகும், பழைய கம்பியைப் பிடித்திருந்த கொக்கிகளிலேயே கட்டப்படும் என்று முடிவானது.

ஆச்சிக்கு இன்னொரு கேள்வி இருந்தது. “இடி இறங்குமா, தம்பி?” அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று பிறகு படித்தபோது தெரிந்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, ஒளிதான் ஓடும். ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் ஒயரில் பலத்துக்காக இழையோடு இரும்புக் கம்பி ஓடுவது உண்டு. அந்தக் கம்பி மின்னலைக் கடத்தும். இரும்புக்குப் பதில் நார்க்கண்ணாடிக் கம்பி வைத்த ஒயரும் கிடைக்கிறது. அதைத்தான் போட வேண்டும் என்று கேட்டேன். கேபிள்காரர் முகம் சுளிக்கவில்லை. கடையில் இருப்பதில் எது கைக்கு வருகிறதோ அதைக் கொண்டு வருவார்கள், கேட்டால் மாற்றித் தருவார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஒரு கடிதம் எழுதினேன். வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்யாமல் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். பெரியவர்களுக்குத் தாளில் நம்பிக்கை அதிகம். பழைய தொலைபேசித் துளை வழியாக மட்டுமே ஒயர் வரும், புதிதாக எங்கும் துளையிடப்படாது, பொது இடத்தில் எந்தப் பெட்டியும் வைக்கப்படாது, நான் வீட்டைக் காலி செய்யும்போது ஒயரை என் செலவில் கழற்றிவிடுவேன் என்று எழுதினேன். கடைசியில் கோவை ஐயாவுக்காகவே ஒரு வாக்கியம்: ‘இந்த இணைப்பு வாடகைதாரரின் சொந்த உபயோகத்துக்கு மட்டும் தற்காலிகமாகப் பெறப்படுகிறது, இதனால் வீட்டின் எந்தப் பாகத்திலும் யாருக்கும் எந்தப் புதிய பாத்தியதையும் ஏற்படாது.’ எனக்கு வீட்டை விட்டவர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். ஒயர் போகும் வழியை முகப்பின் படத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுக் காட்டியிருந்தேன்.

கோவையிலிருந்து வந்த பதில்: “இது சரி.”

நானாக ஊகித்துச் சொல்வதுதான், இருந்தாலும் சொல்கிறேன். ‘அனுமதி தருகிறீர்களா’ என்று பொதுவாகக் கேட்டால், மறுப்பதுதான் கேட்கப்படுபவருக்குப் பாதுகாப்பு. எந்த வழி, எந்தத் துளை, போகும்போது என்ன மிஞ்சும் என்று முழுசாக எழுதிக் காட்டினால் மறுக்க அவருக்குக் காரணம் ஒன்று வேண்டியிருக்கிறது. காரணம் இல்லாமல் மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் இன்னும் இந்த ஊரில் சந்திக்கவில்லை.

இணைப்புக் கொடுத்த அன்று வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒன்று மட்டும் கவனித்துச் சொல்ல வேண்டும்: விட்டத்தின் மூலையில் ஒயரை மடக்கி இறுக்கிக் கட்டாதீர்கள். கண்ணாடி இழையை ரொம்ப மடக்கினால் வளைவிலேயே ஒளி கசிந்துவிடும். தெருமுனையில் ஒரே இழையை 32 வீடு, 64 வீடு என்று பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். நம் வீட்டுக்கு வரும் ஒளியே அந்தப் பங்கில் மிஞ்சியது. வந்தவரிடம் இருக்கும் சிறிய மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். வந்து சேரும் ஒளியின் அளவை அது டிபிஎம் என்ற அலகில் காட்டும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் மழைக்காலத்தில் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், நீங்கள் அவருக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

வைஃபை பற்றித் தனியாகவே எழுதலாம். ரவுட்டர் வெளியறையில், அதற்கு அடுத்த உள்ளறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 2.4 தட்டுத் தடுமாறி வரும். அதனால் வாசல்படி ஓரமாக ஒரு லேன் ஒயரை மாடிக்கு விட்டு அங்கே இரண்டாவது ரவுட்டர் வைத்திருக்கிறேன். மின்சாரம் போனால் இரண்டும் போகும் என்பதால் சின்ன பேட்டரிப் பெட்டி ஒன்று கீழே, ஒன்று மேலே. இதெல்லாம் எங்கள் அறைக்குள் நடப்பது, யாரையும் கேட்கத் தேவையில்லை.

மனைவியோடு வேலை பார்க்கும் ஒருவர் ஊரின் புதுப் பகுதியில் அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கிறார். அங்கே தலைகீழ். வீட்டுச் சொந்தக்காரர் ஒருவரே, போனிலேயே சரி என்றுவிட்டார். தடுத்தது குடியிருப்போர் சங்கம். கட்டடத்துக்குள் ஒயர் போகும் குழாயைத் தொட வேண்டுமென்றால் சங்கத்தின் கடிதம் வேண்டும், அதுவும் சொந்தக்காரர் கேட்டால்தான் தருவார்களாம், வாடகைக்காரர் கேட்டால் இல்லையாம். சொந்தக்காரர் இருப்பது துபாய். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் கட்டடங்களின் இணைய வசதியை மதிப்பிட்டுத் தரவரிசை கொடுக்க ஒரு விதிமுறையே கொண்டு வந்திருக்கிறது. வீடு கட்டும்போதே குழாயைச் சரியாக வைத்துவிட்டால் இந்தக் கடிதப் போக்குவரத்தே வேண்டாம் என்ற புத்தி அதில் இருக்கிறது. நூறாண்டுக்கு முன் கட்டிய எங்கள் வீட்டுக்கு அந்தப் புத்தி இனி உதவாது.

இப்போது புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. வீட்டில் இணையம் வந்துவிட்டது தெரிந்ததும் பினாங்குக்காரர் எனக்கு நேரடியாகவே போன் செய்தார். பூட்டிக் கிடக்கும் வீடுகளிலிருந்து தூணும் கதவும் சாமானும் களவு போவதைக் கேள்விப்பட்டு அவருக்கு உறக்கமில்லை. இந்த ஊரின் பழம்பொருள் கடைகளைச் சுற்றி வந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். அங்கே இருக்கும் எல்லாமே முறையாக விற்றதாகத்தான் இருக்கும், ஆனாலும் பார்க்கும்போது மனசு கேட்காது. “தம்பி, உங்க கனெக்‌ஷன்லயே ரெண்டு கேமரா போட்டுக்கலாமா? நாங்க இங்கேருந்து பாத்துக்குவோம்.”

அனுமதி கேட்கும் இடத்திலிருந்து கொடுக்கும் இடத்துக்கு வந்திருந்தேன். உடனே சரி என்று சொல்லவில்லை. இணைப்பு என் பெயரில், ஆதார் என்னுடையது. அதில் என்ன போகிறது வருகிறது என்பதற்கு நான்தான் பொறுப்பு. கேமரா வளவைப் பார்த்தால் ஆச்சி வத்தல் காயவைப்பதிலிருந்து என் மனைவி துணி உலர்த்துவது வரை பினாங்கில் தெரியும். அதனால் நானும் எழுதியே அனுப்பினேன்: கேமரா முன்வாசலையும் பின்வாசலையும் மட்டும் பார்க்க வேண்டும், தனிக் கடவுச்சொல்லில் தனி நெட்வொர்க்கில் ஓட வேண்டும், மாதச் சந்தாவிலும் அதன் மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியிலும் பாதியைப் பங்காளிகள் கொடுக்க வேண்டும், நான் காலி செய்தால் அவர்கள் தங்கள் பெயரில் புது இணைப்பு எடுத்துக்கொள்ள வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் ஆச்சி சம்மதிக்க வேண்டும்.

பணத்துக்குப் பினாங்குக்காரர் உடனே ஒத்துக்கொண்டார். வளவில் ஒரு கேமராவாவது இருந்தால்தான் பிரயோசனம் என்கிறார். ஆச்சி கூடாது என்கிறார். படைப்புக்கு எல்லாரும் வரும்போது உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று இப்போதைக்கு வைத்திருக்கிறார்கள். என்னையும் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.